பதினெட்டு வளைவும் ஒரு சுக்கானும்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் பஸ் திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய எல்லாம் தாண்டி, பதினெட்டு வளைவு சுற்றி இறங்கி ஹசலக்கையில் மூச்சு வாங்கும். அந்தப் பதினெட்டு வளைவிலும் சாரதி ஒரு வட்டத்தை, நடுவில் கம்பி வைத்த வட்டத்தை, இரண்டு கையாலும் பிடித்து முறுக்கு முறுக்கென்று முறுக்குகிறார். வெற்றிலைச் சாறு தெறித்த வட்டம். மத நிந்தனை என்று இதுவரை யாரும் அவரைப் பிடித்துப் போகவில்லை. கொடுத்துவைத்தவர்.

அவ்வளவு கொடுத்துவைக்காத ஒரு பெண் ஹசலக்கையில் இருந்தார். 2019 மே மாதம், ஈஸ்டர் குண்டுகள் வெடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முஸ்லிம் பெண். உடுத்தியிருந்த கவுனில் கப்பல் சுக்கான் அச்சடித்திருந்தது. பொலிசாரின் கண்ணுக்கு அது தர்மசக்கரமாகத் தெரிந்தது. ஹசலக்கையில் நின்று கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் மகாவலியைத்தான் காட்டுவார்கள். ஆகவே சுக்கானை அடையாளம் தெரியாமற்போனதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் சந்தேகம் வந்தால் ஒரு மீன்பிடித் துறைமுகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கலாம். எடுக்கவில்லை. ஒரு துணியை அடையாளம் காண, அதை உடுத்தியவரை இரண்டு கிழமைக்கு மேல் விளக்கமறியலில் வைத்தார்கள்.

எந்தச் சட்டம் தெரியுமா? பெயரைச் சொல்வதற்குள் பஸ் இரண்டு வளைவு இறங்கிவிடும்: 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயச் சட்டம். உரிமைகள் என்ற சொல் பெயரிலேயே இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவு இன, மத வெறுப்பைத் தூண்டுவோருக்குப் பத்து வருடம் வரை கடூழியச் சிறை என்கிறது. பிணையா? மேல் நீதிமன்றம் மட்டும்தான் கொடுக்கலாம், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால். உலகம் கூடி மனித உரிமைக்கென்று எழுதிய உடன்படிக்கையை எடுத்து வந்து, வாய் தைக்கும் கோணி ஊசியாக அடித்துக்கொண்ட கைத்திறன் எங்களுடையது.

ஊசி யாருக்கென்று செய்தார்களோ அந்த வாய்கள் எங்கே என்று தேடுகிறீர்களா? பஸ்ஸைத் திருப்புங்கள். திகனவுக்குப் போவோம்.

2018 பெப்ரவரியில் அந்தப் பக்கத்தில் வீதித் தகராறு ஒன்றில் ஒரு சிங்கள லொறிச் சாரதி தாக்கப்பட்டு, மார்ச் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில் இறந்தார். அடித்தவர்கள் முஸ்லிம் இளைஞர்கள். கைதும் ஆனார்கள். வழக்கு நடக்க வேண்டிய இடம் நீதிமன்றம். ஆனால் அதற்கு முன்பே, ‘மகசொன் பலகாய’ என்ற சிங்களத் தீவிர அமைப்பின் அமித் வீரசிங்க திகன பட்டணத்தில் நடந்துகொண்டே, இங்கே சிங்களவன் கடை இருபதுகூடத் தேறாது என்று காணொளியில் கணக்கெடுத்துவிட்டார். குடிசன மதிப்பீட்டுத் திணைக்களத்துக்கும் இவ்வளவு சுறுசுறுப்பு வந்ததில்லை. மார்ச் 5 திகன எரிந்தது. எரிந்த வீட்டுக்குள் ஒரு இளைஞன் செத்துக் கிடந்தான். 6ஆம் திகதி அவசரகால நிலை. ஊரடங்கு போட்ட பிறகும் மெனிக்கின்ன, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை என்று நெருப்பு ஊர்ஊராகப் போனது. ஊரடங்கு ஆட்களுக்குத்தான், நெருப்புக்கு யாரும் அறிவிக்கவில்லை போலும்.

வீரசிங்கவையும் பிடித்தார்கள். இதே சட்டம், இதே 3ஆம் பிரிவு. மறைக்க மாட்டேன்: அன்று அந்த ஊசி சரியான இடத்தில்தான் குத்தியது. 2018 முடியுமுன் அவர் பிணையில் வெளியே வந்தார்.

பேஸ்புக்கின் கதை வேறு. முகநூலில் சிங்கள வெறுப்புப் பேச்சு பெருகுகிறதென்று கொழும்பில் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலேயே அறிக்கை எழுதியிருந்தது. நாலு வருடம். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஆட்களை அந்தக் கம்பனி போதுமான அளவுக்கு வைத்துக்கொள்ளவில்லை. அம்பாறையில் ஒரு கடைச் சாப்பாட்டில் கிடந்த மாக்கட்டி ‘மலட்டு மாத்திரை’ ஆகி, தொலைபேசி தொலைபேசியாகத் தாவிக் கண்டி வரைக்கும் வந்தது. அரசாங்கப் பகுப்பாய்வாளர் அது வெறும் மா என்று சொன்னபோது பள்ளிவாசல் உடைந்துவிட்டிருந்தது. பிறகு அரசு ஒரு கிழமைக்கு முகநூலையும் வட்ஸ்அப்பையும் பூட்டியது. வீடு எரியும்போது தண்ணீர்க் குழாயைத் தேடாமல், நெருப்புப் படம் பிடிக்கிறவனின் போனைப் பறிக்கிற புத்தி.

அந்தக் கம்பனி ஒருநாள் மன்னிப்புக் கேட்டது. கண்டிக் கலவரத்தில் தன் தளம் பயன்பட்டதற்காக வருந்துகிறோம் என்றது. 2020 மே மாதம். திகதியைக் கவனியுங்கள், அதில்தான் சங்கதி இருக்கிறது.

கட்டுகஸ்தோட்டையில் ரம்ஸி ராஸிக் என்றொருவர். ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். நோயாளி. முகநூலில் சிங்களத்தில் எழுதுவார், சிங்களவர்கள் வாசிக்கட்டும் என்றே சிங்களத்தில் எழுதுவார். எல்லாத் தீவிரவாதத்தையும், தன் சமூகத்துத் தீவிரவாதத்தையும், திட்டித்தான் எழுதுவார். 2020 ஏப்ரல் தொடக்கத்தில், கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரித்துக்கொண்டிருந்த நேரம், வெறுப்புக்கு எதிராகச் சிந்தனை ஜிஹாத் ஒன்று செய்யவேண்டும், பேனாவும் விசைப்பலகையும் ஆயுதம் என்று எழுதினார். ஜிஹாத் என்ற சொல்லைக் கண்டவர்கள் பேனாவைக் காணவில்லை. கொலை மிரட்டல் வந்தது. மனிதர் பயந்து, இனி எழுதமாட்டேன் என்று பதிவிட்டார். ஏப்ரல் 9 பொலிசுக்குப் பாதுகாப்புக் கேட்டு முறைப்பாடு கொடுத்தார்.

பொலிஸ் உடனே செயற்பட்டது. அன்றைக்கே வந்தார்கள். மிரட்டியவர்களை அல்ல, முறைப்பாடு கொடுத்தவரை இதே 3ஆம் பிரிவில் கொண்டுபோனார்கள். அடைத்து வைப்பதைவிடப் பலத்த பாதுகாப்பு எது என்று ஒரு மேலதிகாரி நினைத்திருக்கக்கூடும். ஐந்து மாதத்துக்கு மேல் பாதுகாத்தார்கள். கண்டியில் வெறுப்புப் பரவியதற்கு முகநூல் கம்பனி மன்னிப்புக் கேட்ட அந்த மே மாதம், அதே முகநூலில் அந்த வெறுப்புக்கு எதிராக எழுதிய கண்டிக்காரர் கம்பிக்குப் பின்னால் இருந்தார். கலிபோர்னியாக்காரனுக்கு வெட்கம் வர இரண்டு வருடம் பிடித்தது. எங்களுக்கு இன்னும் முறை வரவில்லை.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஊரைக் கொளுத்தத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சில மாதம். கொளுத்தாதே என்று எழுதியவருக்கும் சில மாதம். இரண்டு பக்கமும் சமமாகப் பார்க்கிறோம் என்று அரசாங்கம் சொல்வது பொய் என்று இனிச் சொல்லாதீர்கள்.

ஆனாலும் பந்தியில் இலை மட்டும் ஆளைப் பார்த்துத்தான் விழுகிறது. 2019 ஜூனில் கண்டி அஸ்கிரிய மகாநாயக்க தேரர், முஸ்லிம் கடைகளில் சாப்பிடாதீர்கள் என்று ஒரு விகாரையில் உபதேசம் செய்தார். தொலைக்காட்சி காட்டியது. அதற்கு ஒரு மாதம் முன்னே சுக்கானைக் கண்ட கண்களுக்கு இது தெரியவில்லை, அதனால் 3ஆம் பிரிவு தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதே நாட்களில் அத்துரலியே ரத்தன தேரர், முஸ்லிம் அரசியல்வாதிகளைப் பதவியிலிருந்து நீக்கச் சொல்லித் தலதா மாளிகைக்கு முன்னால் உண்ணாவிரதம் இருந்தார். நாலாம் நாள் முஸ்லிம் அமைச்சர்கள் கூட்டாகப் பதவி விலகினார்கள். முஸ்லிம்களுக்கு எதிராகப் பேசிவந்த ஞானசார தேரருக்கு நீதிமன்ற அவமதிப்புக்கு ஆறு வருடம் கிடைத்தது, ஜனாதிபதி மன்னிப்பும் கிடைத்தது, 2021இல் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணிக்குத் தலைவர் பதவியும் கிடைத்தது. சட்டத்தை உடைத்தவரிடமே சட்டத்தை ஒட்டவைக்கக் கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது: எங்கே உடைத்தோம் என்று அவருக்குத்தானே தெரியும்.

முஸ்லிம் என்பதால் மட்டும் பிடிக்கிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. சக்திக சத்குமார சிங்களவர், பௌத்தர், கதை எழுதுகிறவர். ஒரு சிறுகதைக்காகப் பிக்குகள் முறையிட்டார்கள். 2019 ஏப்ரல் முதலாம் திகதி இதே சட்டத்தில் உள்ளே போய் நாலு மாதம் இருந்தார். என்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்பதெல்லாம் அப்புறம்தான். யாருக்குக் கோபம் வந்தது என்பதுதான் முதலில் பார்க்கப்படும். திகனவில் கடையை இழந்தவனுக்கும் கோபம் வந்ததுதான், ஆனால் அவன் கோபத்துக்குச் சட்டக் கோவையில் பிரிவு இல்லை. அவன் உரத்துக் கத்தினால் அவனுக்குத் தீவிரவாதி என்று பெயர் வைக்கலாம், அதற்கு நிறையப் பிரிவு இருக்கிறது.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்ஸி ராஸிக்கின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்த்து நட்டஈடும் கொடுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. 3ஆம் பிரிவு இருந்த இடத்தில் இருந்தது. அது தனியாக இருக்கக் கூடாதென்று 2024 பெப்ரவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் துணைக்கு வந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற பெயரிலேயே இருக்கிறது.

போன மாதம் பெருநாளுக்குத் துணி எடுக்க வீட்டுக்காரியோடு கண்டியில் ஒரு கடைக்குப் போனேன். பூப்போட்ட துணி எடுத்தாள். தாமரை மாதிரி இருக்கிறது, வேண்டாம் என்றேன். இலை போட்டது, அரச இலையோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வட்டம் வட்டமாகப் போட்டதை நான் தொடவேயில்லை. கறுப்பு என்றால் பேச்சே கிடையாது. கடைக்காரருக்கும் விஷயம் விளங்கிவிட்டது, குரலைத் தாழ்த்தி, “நானா, நங்கூரம் போட்டது ஒன்று உள்ளே இருக்கிறது, காட்டட்டா?” என்றார். பார்த்தேன். கண்ணுக்கு அது நங்கூரம்தான். ஆனால் யாருடைய கண்ணுக்கு என்று யோசித்து, மடித்து அடுக்கின் அடியில் வைத்துவிட்டு வந்தோம்.