காற்று வைத்த பரீட்சை

கேள்வி: புயலில் எங்கள் தகர வேலி சாய்ந்துவிட்டது. மூன்று பேர் மூன்று விலை சொல்கிறார்கள். யாரிடம் வேலையைக் கொடுப்பது?
– வாசகி, எண்ணூர்

பதில்: பரீட்சையைக் காற்றே வைத்து முடித்துவிட்டதே, அம்மா! 2016 வர்தா, 2023 மிக்ஜாம் புயல்கள் இரண்டையும் தாங்கி நிற்கும் வேலி உங்கள் பக்கத்தில் இருந்தால், அதைப் போட்டவரைத் தேடிப் பிடியுங்கள். வந்ததும் விலை பேசாமல் பழைய குழியைக் கிளறிப் பார்க்கிறாரா? நல்ல ஆள். உப்புக் காற்றில், கம்பம் மண்ணைத் தொடும் இடம்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஜிஐ குழாயிலும் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். அங்கே ஜிங்க் பிரைமர் அடிப்பதாக அவரே சொன்னால், கூடுதலாகவே கொடுக்கலாம். முன்பணம் சாமான் வாங்க மட்டும். மீதி, வேலியைப் பிடித்து நீங்களே உலுக்கிப் பார்த்த பிறகு.