பாறைக்குள் குடிவருபவர்கள்

கேள்வி: புதிய கடல்நீர் மீன்தொட்டியில் தண்ணீர் நிரப்பிய அன்றே மீனை விடக் கூடாதா?

பதில்: கூடாது. மீனுக்கு முன்னால் குடிவர வேண்டியவர்கள் பாக்டீரியாக்கள். மீன் செவுள் வழியே ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. கடல்நீரின் பிஎச் 8-க்கு மேல் இருப்பதால் அந்த நச்சின் வீரியமும் அதிகம்.

ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். பாறைத் துளைகளிலும் மணலிலும் இவை பெருக, பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அவற்றுக்கும் சாப்பாடு வேண்டுமே! லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியா கலந்தால் போதும். இறால் துண்டு ஒன்றை அழுகவிடுவதும் உண்டு. வேலை நடக்கும், நாற்றம்தான் வீட்டைத் தூக்கும். நடுவே மணல்மேல் பழுப்புப் படலம் படர்ந்தால் பதற வேண்டாம். அது டயட்டம் பாசி, பெரும்பாலும் தானே அடங்கிவிடும். பலிமீன் விட்டுத் தொட்டியைப் பழக்குவது மட்டும் கொடுமை, தேவையும் இல்லை.

கலந்த அம்மோனியாவும் அதில் பிறந்த நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் பூஜ்யமானால் தொட்டி தயார். சேர்ந்துவிட்ட நைட்ரேட்டைக் குறைக்க நீரில் ஒரு பகுதியை மாற்றிவிட்டு, முதலில் ஓரிரு கோமாளி மீன்களை மட்டும் விடுங்கள்.