பொம்மை காயட்டும், முகம் காய வேண்டாம்

கேள்வி: செராமிக் பட்டறையில் பொம்மைகளை வெயிலில் காயவைக்கிறேன். மீன் செதிலில் எடுத்த கொலாஜன் பவுடர் குடித்தால் முகம் கருக்காமல் இருக்குமா?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: இருக்காது, சகோதரி. மீனோ மாடோ, குடித்த கொலாஜனைக் குடல் சிறு துண்டுகளாக உடைத்துவிடும். அது அப்படியே கன்னத்துக்குப் போய்ச் சேராது. தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன், மூன்று இழை சேர்ந்த கயிறு என்று 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் காட்டினார்கள். அந்த ஆய்வுக்குக் கொலாஜன் தந்து கைகொடுத்தது கங்காரு வால்! தோலில் அந்தக் கயிற்றை நைய வைப்பதும் முகத்தைக் கருக்க வைப்பதும் வெயிலின் புற ஊதாக் கதிர். அதைத் தடுக்கும் ஜிங்க் ஆக்சைடு செராமிக் கிளேஸிலும் சேர்வதுண்டு. அதற்காகக் கிளேஸை முகத்தில் பூசிவிடாதீர்கள், பிறகு சூளையிலும் வைக்க வேண்டியிருக்கும்! எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீனை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுங்கள். புடவைமேல் முழுக்கைச் சட்டை, தலைக்கு முக்காடு அவசியம். பவுடருக்கு வைத்த காசை இதற்குச் செலவிடுங்கள்.