கொம்பு முளைத்த பசளை

பசுவின் கொம்பே, மொன்றியலில் இருந்து உமக்கு வணக்கம். எங்கள் சமூகத் தோட்டத்தில் பக்கத்துப் பாத்திக்கார அண்ணை, போன ஐப்பசியில் உமக்குள் சாணியை அடைத்து மண்ணில் புதைத்தார். "என்னண்ணை, பசளைக்கும் கொம்பு முளைச்சிட்டுதோ?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அறியாமை. பொறுத்தருளும்.

1924இல் கோபர்விட்ஸ் பண்ணையில் எட்டு விரிவுரை ஆற்றி உமக்குப் பட்டம் கட்டியவர் ருடோல்ஃப் ஸ்டைனர். அவர் கமக்காரர் அல்லர். மண்வெட்டி பிடித்த கை என்றால் மண்ணைத்தான் பார்த்திருக்கும். அவருக்கு விண்ணைப் பார்க்க வாய்த்தது. குளிர்காலத்தில்தான் பூமி மிகுந்த உயிர்ப்போடு இருக்கிறது என்றார். இங்கே தையில் வந்து பார்த்தால் தெரியும்: மண்வெட்டி பட்டால் 'டங்' என்கிறது, நுண்ணுயிர்கள் இழுத்துப் போர்த்துக்கொண்டு கிடக்கின்றன. அந்த நிசப்தத்தில் நீர் ஒருவர் மட்டும் விழித்திருந்து பிரபஞ்ச சக்தியை உள்ளே வாங்குகிறீராம்.

உமது சிக்கனத்தை என்னவென்று சொல்வது! உமக்குள் புதைத்தெடுத்த சாணி ஒரு ஹெக்டேயருக்கு நூறு கிராம் அளவு போதும். தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் இடமும் வலமுமாகக் கலக்கித் தெளித்தால் வேலை முடிந்தது. அதில் உள்ள நைதரசன் ஒரு கிராம் தேறினாலே பெரிய காரியம். கியூபெக் சோளக்காட்டுக்கோ ஹெக்டேயருக்கு நூறு கிலோவுக்கு மேல் வேண்டும். மிச்சத்துக்கு வானம் பொறுப்பு. மக்கில் பல்கலைக்கழகத்தின் மக்டொனால்ட் வளாகத்தில் படித்தவர்கள் இன்னும் மண்ணைக் கிண்டிக் கிலோக் கணக்கு எண்ணுகிறார்களே, அவர்களுக்கு இதை யார் சொல்வது?

2021 சித்திரையில் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்திக் கார்த்திகையில் பின்வாங்கிய கொழும்பு அரசுக்கும் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. சேதனப் பசளையைச் சீனத்திலிருந்து கப்பலில் இறக்கப் பார்த்தார்கள். நூறு கிராம் போதுமென்று தெரிந்திருந்தால் தபாலிலேயே வரவழைத்திருக்கலாம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது உமது அடக்கம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஆய்வாளர்கள் 2000இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஸ்டைனர் உமக்குப் பரிவாரமாகச் சொன்ன மற்றத் தயாரிப்புகள் சேர்ந்த எரு ஒரு பக்கம், சேராத எரு மறுபக்கம். எரு கண்ட மண் இரண்டும் ஒன்றுபோல உயிர்ப்பாக இருந்தன. அளவுகோலோடு வருகிறவர் முன்னால் வித்தை காட்டாத பெருந்தன்மை உம்முடையது. காகம் குந்தப் பனம்பழம் விழுந்தால் பழத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், காகத்திடம் கணக்குக் கேட்கக் கூடாது.

ஆனியில் அண்ணையின் கீரை இடுப்பளவு வளர்ந்தது. "பாத்தியளே, கொம்பின்ரை வேலை!" என்றார். வைகாசியிலேயே மூன்று மூட்டை ஆட்டெருவையும் அவர் அதே பாத்தியில் கொட்டியதை நான் பார்த்திருந்தேன். ஆட்டுக்கும் கொம்பு உண்டுதான். ஆனால் மூட்டைக்குள் அது வருவதில்லை.