திண்டால் குற்றமில்லை, கொண்டுபோனால்தான் குற்றம்

திறொம்சோ, நோர்வே

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைச்சுது. "தம்பி காட்டிலை பழம் பொறுக்கித் திரியிறானாம், வேலை போட்டுதோ?" எண்டு அத்தான் கேட்டவராம். வேலை இருக்கெண்டு சொல்லுங்கோ. இஞ்சை எங்கடை முதலாளியே ஆவணி பிறந்தால் நீட்டுச் சப்பாத்தும் வாளியுமாய்க் காட்டுக்கை போறவர். எவ்வளவு பறிச்சனீங்கள் எண்டு கேட்டால் பெருமையாய்ச் சொல்லுவார். எங்கை பறிச்சனீங்கள் எண்டு கேட்டால் காலநிலையைப் பற்றிக் கதைப்பார்.

எல்லாம் முல்த்தே படுத்திற பாடு. சதுப்பு நிலத்திலை வாற பழம், தண்டுக்கு ஒண்டுதான். காயிலை சிவப்பு, பழுத்தால் மஞ்சளாய் இளகிப்போகும். நத்தாருக்கு அதைக் கிறீமிலை கலந்து வைக்காத வீடு இந்தப் பக்கத்திலை குறைவு.

இப்ப சட்டத்தைக் கேளுங்கோ. 1957இலை போட்ட சட்டப்படி ஆரின்ரை காட்டுக்குள்ளையும் போகலாம், புளோபேர்ப் பழத்தை வாளி வாளியாய் அள்ளலாம், ஒருத்தரும் கேக்கேலாது. முல்த்தேக்கு மட்டும் இந்த வடக்குப் பக்கத்திலை வேறை கதை. காணிக்காரர் தடுத்தால் பறிச்சுக்கொண்டு போகேலாது. ஆனால் நிண்ட இடத்திலை திங்கலாம்! வயிறு கொள்ளுமட்டும் திண்டாலும் குற்றமில்லை, வாளிக்குள்ளை போட்டால்தான் குற்றம்.

போன கிழமை அப்பிடி ஒரு சதுப்பிலை, முழங்கால் புதைய நிண்டு நானும் மச்சாளும் சட்டம் பேசினம். வாயிலை அடக்கிக்கொண்டு கார் மட்டும் நடந்தால் அது திண்டதோ, கொண்டுபோனதோ? கோப்பையும் கரண்டியும் கொண்டந்து இருந்து திண்டால்? மச்சாள் அதுக்கும் மேலை போய், இஞ்சையே அடுப்பை மூட்டி, ஜாம் காய்ச்சி, இஞ்சையே திண்டிட்டுப் போவம் எண்டா. அதுக்கும் சட்டம் வைச்சிருக்கிறாங்கள்: ஏப்ரல் 15இலிருந்து செப்டெம்பர் 15 மட்டும் காட்டுக்குள்ளை நெருப்பு மூட்டப்படாது. நாங்கள் வழக்காடி முடியிறதுக்குள்ளை நுளம்பு எங்களை நிண்ட இடத்திலை திண்டு முடிச்சிட்டுது. அதுக்கு ஒரு தடையும் இல்லை.

பகிடி கிடக்கட்டும் அக்கா. ஒரு மாம்பழம் கிடைச்சாலும் அம்மா எல்லாருக்கும் பங்கு வைக்காமல் வாயிலை வைக்க விட்டவவே? பள்ளிக்கூடத்தாலை வராத ஆளுக்கும் ஒரு துண்டு மூடிக் கிடக்கும். இஞ்சை அந்தத் துண்டை எடுத்து வைக்கிறதுதான் களவு. சின்னவள் வீட்டிலை இருக்க, எனக்கு அந்தப் பழம் தொண்டையாலை இறங்கேல்லை. மச்சாளுக்கு நல்லாய் இறங்கினது.

பிறகு தடையில்லாத சதுப்பு ஒண்டு கண்டுபிடிச்சன். எங்கையெண்டு எழுதமாட்டன், உங்கடை கடிதத்தை ஊரே வாசிக்கும்.

அங்கை வாற ஆளிட்டைக் குடுத்துவிட்ட போத்தலிலை இருக்கிறது முல்த்தே இல்லை, போன புரட்டாதியிலை பறிச்ச தித்தபேர். காய்ச்சேல்லை, சீனி போட்டுக் கிளறினது மட்டும்தான். பழத்திலையே பென்சோயிக் அமிலம் இருக்கிறபடியால் லேசிலை பழுதாகாது. புளிச்சுக் கசக்குதெண்டு எறிஞ்சுபோடாதேங்கோ, அதின்ரை குணமே அதுதான். இவை இறைச்சியோடை தொட்டுத் தின்னுறவை. ஆட்டிறைச்சிக் கறி வைக்கிற அண்டைக்கு அத்தானுக்கு ஒரு கரண்டி வைச்சுப் பாருங்கோ. பிள்ளையளுக்குப் பாணிலை பூசிக் குடுத்திடாதேங்கோ, மாமா ஏமாத்திப்போட்டார் எண்டுங்கள்.

அன்புடன்,
தம்பி