கதைக்குள் ஓர் இலாகா

கதையில் புதிய அரசுத் துறை தொடங்க அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம், அடிக்கல் நாட்ட அமைச்சர்கூட வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: அது நிஜத்தைவிட அபத்தமாக இருக்க வேண்டும். அங்கேதான் எழுத்தாளர்கள் திணறுகிறார்கள்.

சார்லஸ் டிக்கன்ஸ் 'லிட்டில் டோரிட்' (1855–57) நாவலில் 'சுற்றிவளைப்பு அலுவலகம்' திறந்தார். எந்த வேலையையும் செய்யாமலிருப்பது எப்படி என்பதே அதன் துறைசார் நிபுணத்துவம். நாற்காலிகள் பார்னக்கிள் குடும்பத்துக்கு. கிரிமியப் போரில் பிரிட்டிஷ் நிர்வாகம் அடித்த கூத்தைக் கண்ணெதிரே பார்த்தவருக்குக் கற்பனைச் செலவு மிகக் குறைவு.

ஜார்ஜ் ஆர்வெல் இன்னும் சிக்கனக்காரர். தன் நாவலில் பொய் தயாரிக்கும் இடத்துக்கு 'உண்மை அமைச்சகம்', போர் நடத்தும் இடத்துக்கு 'அமைதி அமைச்சகம்' என்று பலகை மாட்டினார்; வேலை முடிந்தது.

1970-இல் மான்டி பைத்தன் நகைச்சுவைக் குழு, கோணங்கி நடைகளுக்கென்றே ஓர் அமைச்சகம் அமைத்தது. அமைச்சர் நிதி போதவில்லை என்று புலம்புவார். அந்தப் புலம்பலில்தான் அது அசல் அரசுத் துறையாகிறது. 'எஸ் மினிஸ்டர்' தொலைக்காட்சித் தொடரில் வரும் மருத்துவமனையில் ஊழியர்கள் 500 பேர், நோயாளிகள் பூஜ்யம். நிர்வாகமோ அப்பழுக்கற்றது.

2018-இல் பிரிட்டன் தனிமைக்கென ஓர் அமைச்சரை நியமித்தது. இது கதையல்ல. ஆகவே, கதைக்கு இலாகா தேடுவோர் முதலில் அரசிதழைப் புரட்டிவிடுவது நல்லது. உங்கள் அபத்தத்துக்கு ஏற்கெனவே ஒரு செயலாளர் இருக்கக்கூடும்.