மஞ்சள் பெட்டிக்குள் காணாமல் போன எழுத்து

கேள்வி: என் இணையதளத்தில் மேற்கோள்களுக்கு இளமஞ்சள் பெட்டி போட்டிருக்கிறேன். போனை டார்க் மோடுக்கு மாற்றினால் பெட்டி மட்டும் நிற்கிறது, எழுத்தைக் காணோமே?

பதில்: எங்கும் ஓடிவிடவில்லை. வெள்ளையாக மாறி மஞ்சளுக்குள் ஒளிந்திருக்கிறது! பின்னணிக்கு நிறம் சொன்ன நீங்கள் எழுத்துக்குச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்; டார்க் மோடுக்குத் தனி ஜோடி கொடுங்கள். சாதாரண அளவு எழுத்துக்கு நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறை. அகலத்தை 600 பிக்சல் என்று ஆணியடிக்காதீர்கள், 360 பிக்சல் போனில் பாதி வாக்கியம் திரைக்கு வெளியே தொங்கும். தமிழுக்குச் சாய்வெழுத்து வேண்டவே வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அசல் சாய்வே கிடையாது, பிரவுசர்தான் நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. மேற்கோள் என்று காட்ட இடப்பக்கம் தடித்த கோடு ஒன்று போதும். வரி இடைவெளியை 1.7 ஆக்கிவிட்டால், மேல்வரிப் 'பூ'வின் கால் கீழ்வரிக் 'கீ'யின் சுழியில் இடிக்காது.